உன் வீட்டுக்குக் குடிவந்தவரும் என் பச்சை நாற்காலியும்

டன்மார்ட்டன், பென்சில்வேனியா
திங்கட்கிழமை, ஜூன் 12, 2023

அன்புள்ள மைத்துனன் பெர்னார்டுக்கு,

உன் அக்கா கணவன் எமில் கோவாலிக் எழுதிக்கொள்வது. நானும் டோரதியும் எங்கள் வயதுக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் நலமாக இருக்கிறோம். அங்கே புளோரிடாவில் உன் நலமும், உன் இடுப்பின் நலமும், உன் தோட்டத்துக்கு வந்துபோவதாக நீ எழுதியிருந்த முதலையின் நலமும் அறிய விரும்புகிறேன். மே 22-ஆம் தேதியிட்ட உன் கடிதம் 26-ஆம் தேதி கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் அன்று, களைப்பு. ரயில்வேயில் கால அட்டவணை தயாரித்தே ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சோம்பலால் வரும் தாமதத்தையும் களைப்பால் வரும் தாமதத்தையும் பிரித்தறிய எனக்குத் தெரியும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கையெழுத்திட்டு அனுப்பிய படிவம் என் மேசைமேல் இருக்கிறது. நம் உலைக்காரர் அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானத்தில், 1974 செப்டம்பர் முதல் நாம் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்துவந்த இரண்டு இருக்கைகளும் நம் இருவர் பெயரிலும் கூட்டாக இருப்பதால், இருவரும் கையெழுத்திட்டால்தான் அடுத்த பருவத்துக்கு அவை நம்முடையவை. ஜூன் 30-ஆம் தேதிக்குள் என் கையெழுத்து போய்ச் சேராவிட்டால், வரிசையில் காத்திருக்கும் யாரோ இருவருக்கு அவை போய்விடும். நம் ஆயுளில் திரும்பி வாரா. இதையெல்லாம் நன்கு யோசித்த பிறகே எழுதுகிறேன். நான் கையெழுத்திடப் போவதில்லை. நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். ஆனால் காரணங்களை வரிசையாகப் படித்தபின் நீயே என் பக்கம் நிற்பாய், ஏனென்றால் முதல் காரணத்துக்கு நீயே சாட்சி.

2019 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. பென்சகோலா அணியுடன் அரையிறுதி. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவனாக நமக்கு வாய்த்த ஒரே நல்ல குவாட்டர்பேக்காகிய டாமி ஸ்கெல்லி, பந்தை எறியக் கையைப் பின்னால் கொண்டுபோன கணத்தில், லூசியன் ப்ரூசார் என்ற அந்த மலை போன்ற மனிதர் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து அவன் தோளெலும்பை முறித்ததும், அதோடு டாமியும் நம் பருவமும் ஸ்ட்ரெச்சரில் ஏறியதும் உனக்கு நினைவிருக்கும். அப்போது நான் எழுந்து நின்று, நம் வரிசை முழுவதும் கேட்கும்படி, அந்த ஆளுக்காக இந்த இரண்டு கைகளும் ஒருநாளும் தட்டா என்று சத்தியம் செய்தேன். நீ என் தோளைப் பிடித்து, "உக்காரு அத்தான், உன் காபி என் பேன்ட்டுல ஊத்துது" என்றாய். ஆகவே சத்தியம் செய்யப்பட்டதற்கு உன் கால்சட்டையும் சாட்சி.

இரண்டாவது காரணம் சென்ற பருவம். நீ 2022 அக்டோபர் 8-ஆம் தேதி வீட்டைப் பூட்டித் தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வெயில் தேடிப் போனாய். போனவன் உன் இருக்கையை உன் பல் மருத்துவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். பந்தை எறிபவன்மேல் பாய்ந்து வீழ்த்த வேண்டிய நம் அணியின் பாய்ச்சல் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். எதிரணிக் குவாட்டர்பேக்கை நெருங்க நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவன் பந்தை வாங்கி, மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்து, அதன் பிறகு நிதானமாக எறிந்தான். இதையெல்லாம் நான் குளிரில் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பல் மருத்துவர் ஆட்டத்தைப் பார்க்காமல் நான் சாண்ட்விச் கடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது பக்கம் மெல்லாதீங்க மிஸ்டர் கோவாலிக், அங்க ஏதோ ஆடுது" என்றார். நம் தடுப்பு வரிசையும்தான் ஆடுகிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். ஜனவரி 8-ஆம் தேதி கடைசி ஆட்டம் முடிந்து படியிறங்கும்போதே, இனி ஏறுவதில்லை என்று என் முழங்கால்கள் முடிவெடுத்துவிட்டன. எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

சரி, பருவம் முடிந்த பிறகாவது அணி தன் பாய்ச்சலைப் பலப்படுத்திக்கொள்ளும் என்று நான் நம்பினேன். மார்ச் மாதத்தில் ஆட்டக்காரர்கள் அணி மாறும் காலம் திறந்தது. திறந்த அன்றே, நம்மிடமிருந்த ஒரே உருப்படியான பாய்ச்சல்காரன் மேற்குக் கரைக்குப் போய்விட்டான். அவன் மனைவிக்கு நம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்கும்தான் ஒத்துக்கொள்ளவில்லை, என்னை எந்த அணியும் அழைக்கவில்லை. மறுநாள் மார்ச் 16, வியாழக்கிழமைப் பத்திரிகையில், அவனுக்குப் பதிலாக நம் அணி யாரை எடுத்திருக்கிறது என்ற செய்தி வந்தது. பத்திரிகையை நான் மடித்து வைத்துவிட்டு, டோரதியின் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். உண்மையில் அது எனக்கு வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதான லூசியன் ப்ரூசார், ஓராண்டு ஒப்பந்தத்தில்.

மருந்துக் கடையிலிருந்து திரும்பினால், தெருவோரத்தில் என் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு கறுப்பு வண்டி நிற்கிறது. முந்தைய செவ்வாயன்று பெய்த பனியை இந்த முதுகைக் கொண்டு வாரி எடுத்து, 1973 ஜூனில் எங்கள் திருமணத்துக்கு வந்த சமையலறை நாற்காலிகளில் மிஞ்சியிருக்கும் அந்தக் கடைசிப் பச்சை நாற்காலியை நான் வைத்துவிட்டுப் போன இடம் அது. நம் தெருவில் ஒருவன் பனி வாரிய இடத்தில் நாற்காலி வைத்தால், பாதிரியாரே அடுத்த தெருவில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவார் என்பது உனக்குத் தெரியும். நாற்காலியைக் காணோம். நான் உள்ளே போய்க் காவல் நிலையத்துக்குத் தொலைபேசலாமா, நேரே அந்த வண்டியைப் பனியால் மூடிவிடலாமா என்று டோரதியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

"எமில், யாரு? வாசல் பூரா இருட்டாயிடுச்சு" என்றாள் டோரதி உள்ளேயிருந்து.

வாசலை அடைத்துக்கொண்டு ப்ரூசார் நின்றார். கையில் என் நாற்காலி, பொம்மை நாற்காலி போல.

"சார், இது உங்களுதா? யாரோ ரோட்டுல மறந்துட்டுப் போயிருக்காங்க. நல்ல நாற்காலி, பனியில நனைஞ்சு கிடந்துச்சு. துடைச்சுக் கொண்டாந்தேன்."

"மறக்கல. வச்சேன்."

"ரோட்டுலயா?"

"ஆமா."

"உக்கார்றதுக்கா?"

அவர் லூசியானா சதுப்பு நிலத்தில் பிறந்து பென்சகோலாவில் ஆடியவர். பனிக்காலத் தெருவைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அந்த முகத்திடம் சொல்வதற்காக நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் பல. அவற்றில் ஒன்றுகூட, நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் மனிதரிடம் சொல்லும்படியாக இல்லை. டோரதி வந்து வழக்கத்தை விளக்கினாள். அவர் கேட்கக் கேட்கக் கூசிப்போனார். "அம்மா, இது தெரியாம நான் வந்த முதல் நாளே ஒருத்தர் இடத்தைப் புடுங்கிட்டேனா" என்று வண்டியை எடுக்க ஓடினார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, பயிற்சி மைதானம் தெருக்கோடியில்தான் இருப்பதால் பக்கத்து வீட்டையே ஓராண்டுக்கு எடுத்திருப்பதாகச் சொல்லி உன் வீட்டைக் காட்டினார்.

பெர்னார்ட், தரகர் யாருக்கு வீட்டைக் கொடுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்வதைப் போல, புளோரிடா உன்னை எடுத்துக்கொண்டு அந்த ஆளை இங்கே அனுப்பியிருக்கிறது. இப்படியொரு பரிமாற்றத்துக்கு நான் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், தெரு முழுவதும் பனியை அவரே வாரியிருந்தார். என் இடத்தில் என் நாற்காலி. உன் வீட்டு முன்னால், அவர் இடத்தில், காலை நீட்டிக்கொள்ளும் வசதியுள்ள தோல் சாய்வு நாற்காலி ஒன்று கம்பீரமாக வீற்றிருந்தது. தபால்காரர் அதில் உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுப் போனார். இவ்வாறு நம் தெருவின் ஒழுங்கு குலையத் தொடங்கியது. மார்ச் 24, தவக்கால வெள்ளிக்கிழமை, மாதா கோயில் மண்டபத்தில் மீன் விருந்துக்கு டோரதி அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் மாவில் பொரித்த நம் மீனை ஒரு வாய் தின்று, வெகுநேரம் மென்று, "அம்மா, இப்படி விறைச்சுப் போயிருக்கே, இதை யாராவது மிரட்டிப் பொரிச்சாங்களா" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த மீனைப் பற்றி 1988 முதல் நீ சொல்லிவருவதும் ஏறக்குறைய அதுதான்.

அடுத்து ஏப்ரல் 27, வியாழன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் மாலை. ஒவ்வோர் ஆண்டும் நீயும் நானும் எங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாதலால், உன் பக்கம் காலியாக இருக்குமே என்று நான் சற்று மந்தமாக இருந்தேன். அப்போது ப்ரூசார் ஒரு பானை நிறைய இறால் போன்ற ஏதோ ஒன்றை வேகவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமல் உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சோபா என் பக்கம் மேலெழும்பிவிட்டது. அன்று இரவு முழுவதும் நான் ஓர் உயரத்திலிருந்துதான் பார்த்தேன். நம் அணி முதல் சுற்றில் ஓர் இளம் பாய்ச்சல்காரனை எடுக்கப்போகிறது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதியிருந்தன. எடுத்தால் ப்ரூசாருக்கு வேலை போய்விடும்.

"ஒரு பையனைக் குடு சாமின்னு நீங்க வேண்டுறீங்க. குடுத்துராதேன்னு நான் வேண்டுறேன்" என்றார் அவர். "ஒரே சோபாவுல ரெண்டு மனு. பாவம், அவரு என்னதான் செய்வாரு."

கடவுள் இருவர் மனுவையும் தள்ளுபடி செய்யாமல், நடுவில் ஏதோ செய்தார். நம் அணி பந்தை உதைப்பவன் ஒருவனை எடுத்தது. முதல் சுற்றில். ஆட்டத்துக்கு நாலு முறை வந்துபோகும் உதைப்பவனை. ப்ரூசார் மெதுவாக என் முழங்காலைத் தட்டி, "நல்லா உதைப்பானாம் மிஸ்டர் கோவாலிக்" என்றார். மறுநாள் இரண்டாம் சுற்றில் அயோவாப் பண்ணைப் பையன் ஒருவனைப் பாய்ச்சலுக்கென்று எடுத்தார்கள். மே 13, சனிக்கிழமை, முதல் பயிற்சி முகாமில் தண்ணீர்க் குழாயில் தடுக்கி விழுந்து அவன் முழங்கால் பிசகிவிட்டது. பருவம் முழுவதும் ஆட முடியாதாம். ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நம் அணி பருவ இடைவேளையில் பாய்ச்சலைப் பலப்படுத்திய விதம் இதுதான்: இருந்தவனை விட்டது, எடுத்தவனை உடைத்தது, மிச்சத்தை என் பக்கத்து வீட்டில் குடிவைத்தது.

அந்த மிச்சமும் வயதானது. எங்கள் குளியலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் உன் கொல்லைப்புறம் முழுவதும் தெரியும். புதிய பயிற்சியாளர், எதிராளியின் கைகளைத் தட்டிவிடும் அடிகளை நாள்தோறும் பழகச் சொல்லியிருக்கிறாராம். அதற்கு எதிராளியாக ப்ரூசார் தேர்ந்தெடுத்தது 1998 ஏப்ரலில் நீ நட்ட தேவதாரு மரத்தை. அது இப்போது தோள் உயரத்தில் வழுக்கையாக இருக்கிறது. இதைக் கண்டிப்பதற்காக மே 16-ஆம் தேதி வேலியருகே போனேன். போனவன், கண்டிப்பதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லித் தொலைத்தேன்.

"தம்பி, நீ தாமதமாக் கிளம்புற."

அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. "தெரியும் மிஸ்டர் கோவாலிக். போன வருஷத்திலிருந்தே தெரியும். அணியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். பந்து அசைந்த கணத்தில் அவர் உடல் அசைய வேண்டும். இப்போது மூளை அசைகிறது, உடல் அதற்குப் பிறகு எழுந்திருக்கிறது. எனக்கும் காலையில் அப்படித்தான். அணியின் பெரிய முகாம் ஜூலை கடைசியில். அதற்குள் சரியாகாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு எந்த அணியும் கூப்பிடாது. இதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் மறுநாள் முதல் உன் கொல்லையில், நீளக் கழியின் நுனியில் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புல்லருகே ஆட்டுபவன் நானே. எதிரணிக் குவாட்டர்பேக்காக நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டுமே என்று பார்த்தபோது, பச்சை நாற்காலி சரியான தூரத்துக்குச் சரியான உயரம். பாய்ந்து வந்து இரண்டு விரலால் தொட வேண்டும், விழத் தட்டக் கூடாது என்பது நிபந்தனை.

இங்கேயும் எனக்கு ஓர் அவமானம் காத்திருந்தது. இரண்டு நாள் அற்புதமாகப் பாய்ந்தார். மூன்றாம் நாள் நின்றுவிட்டார். "மிஸ்டர் கோவாலிக், நீங்க ரயில் மாதிரி. எப்பக் கிளம்புவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அதுல என்ன தப்பு? நேரத்துக்குக் கிளம்புறது தப்பா?"

"எதிராளி சொல்லிட்டுக் கிளம்ப மாட்டான் சார்."

துணி காயப்போட வந்த உன் அக்கா வேலிக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கழியை இங்க குடு. வாழ்க்கையில ஒருநாளாவது ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஏதாவது செஞ்சிருக்கியா நீ" என்று பிடுங்கிக்கொண்டாள். குளிரில் ஆம்பிளைகள் குப்புற விழுவதைப் பார்க்க நான் எதற்கு என்று ஐம்பது ஆண்டுகளாக ஓர் ஆட்டத்துக்கும் வராதவள். கழியைப் பிடித்துக்கொண்டு, நீ சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை உடையோடு குளத்தில் விழுந்த கதையை ஆரம்பித்தாள். அவர் குனிந்து கையை ஊன்றிக் காத்திருக்கிறார். "...அம்மா கரையில நின்னு கத்துறா, பெர்னி தண்ணிக்குள்ள இருந்து என் ஷூ எங்கேன்னு..." பந்து நகர்ந்துவிட்டது. கதையின் எந்த இடத்தில் நகரும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அன்று முதல் காலைதோறும் இதுதான். உன் குழந்தைப் பருவத்தில் அந்த மனிதருக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை. மன்னிக்கவும்.

ஜூன் 3, சனிக்கிழமை. உன் முதல் திருமணக் கதையின் நடுவில், மாப்பிள்ளைத் தோழன் மோதிரத்தைத் தேடும் இடத்தில், டோரதி பந்தை இழுத்தாள். ப்ரூசார் கிளம்பியதை நான் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தேன். பந்தும் அவரும் ஒன்றாக அசைந்தார்கள். வேகத்தில் இரண்டு விரல் என்பதெல்லாம் மறந்துபோய், நாற்காலி வேலியில் மோதி, கால் ஒன்று தனியாக என் காலடியில் வந்து விழுந்தது. அந்தக் கணத்தில் நான் என்ன செய்தேன் என்பது இக்கடிதத்துக்குத் தேவையற்றது. அவர் ஓடிவந்து முறிந்த காலைக் கையில் எடுத்துக்கொண்டு, "கல்யாண நாற்காலியை உடைச்சுட்டேனே" என்று நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் உனக்கு என் கோரிக்கைகள். தேவதாரு மரத்துக்கு ஒரு வழி செய். நாற்காலிக்கு ஈடாக எதையும் அனுப்பாதே; அதைப் போல வேறொன்று கிடையாது. இனி தரகரை நம்பாதே. இருக்கைகளைப் பற்றிய என் முடிவில் மாற்றமில்லை. சத்தியம் செய்தவன், அந்த ஆள் நம் அணியின் சட்டையோடு பாயும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பல் மருத்துவருக்குப் பக்கத்தில், எழுபத்தேழு வயதில், டிசம்பரில் உட்கார்ந்திருப்பது எப்படி? நீ பக்கத்தில் இருந்தால் அது வேறு. நீ இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் இடுப்புக்கு வெயில் தேவை என்பதை நான் அறிவேன். களைத்துவிட்டேன் பெர்னார்ட், அவ்வளவுதான். படிவத்தை என் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்புகிறேன்.

உன் இடுப்பு உறுதிப்படட்டும். உன் கூரையைப் புயல்கள் சுற்றிப் போகட்டும். முதலைக்கு வேறொரு தோட்டம் பிடித்துப்போகட்டும். டோரதி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்; தொப்பி போடாமல் வெயிலில் அலையாதே என்றும் சொன்னாள்.

என்றும் உன் நலம் நாடும்,
எமில் கோவாலிக்

பின்குறிப்பு: புதன்கிழமை, ஜூன் 14. உறையை ஒட்டுமுன் டோரதி கடிதத்தைப் படித்துவிட்டாள். ஜூன் 3-ஆம் தேதி நாற்காலி உடைந்த கணத்தில் நான் செய்தது என்ன என்பதை எழுதாமல் அனுப்பக் கூடாது என்கிறாள். கை தட்டினேன். இரண்டு கைகளாலும், மறுபக்க வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. என் சொந்த நாற்காலி உடைந்ததற்கு. ஆகச் சத்தியம் ஏற்கெனவே போய்விட்டபடியால், அதைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. கையெழுத்திட்ட படிவத்தை நேற்று நானே அணியின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். முதல் ஆட்டம் செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பல் மருத்துவருக்கு நீ எதையும் எழுத வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். நீ வரும்வரை உன் இருக்கையில் டோரதி உட்காருவாள், பனி வாரிய இடத்தில் நாற்காலி வைப்பதைப் போல. நீ வந்து நின்றால் உடனே எழுந்துகொள்வதாகச் சொல்கிறாள். நான் அதை நம்பவில்லை. நீயும் எதற்கும் சீக்கிரம் வந்து சேர்.